சுவர் இல்லாத ஜன்னல்

நீங்கள் இருவரும் இந்தப் பிரசவ விடுதியில் நர்சாகச் சேர வந்த அன்று, பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் ஒரு கேள்வி கேட்டீர்கள். "அக்கா, பின்பக்கம் சுவரே இல்லாம ஒரு ஜன்னல் நிக்குதே, அது எதுக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் நம் ஆயா குப்பம்மா முந்திக்கொண்டாள். "அதுவா? மலைமேல ராஜா கோட்டையில இருந்து பேத்துகினு வந்தது. ராணி எட்டிப் பாத்த ஜன்னலு" என்றாள். உங்களில் சின்னவள் அதை நம்பி, அருகில் போய்க் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். குப்பம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அன்று சொல்ல நேரம் இருக்கவில்லை. அடுத்த வாரம் நான் இந்த ஊரை விட்டுப் போகிறேன். என் வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்துவிட்டது. இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு புது ஊரில் இந்த வேலையைத் தொடர முடியாது என்று முடிவு செய்து எழுதிக் கொடுத்துவிட்டேன். எழுதிக் கொடுத்த பிறகும் சரியாகச் செய்தேனா என்று யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அது என் குணம்.

கத்தரிக்கோலை எப்படிக் கொதிக்க வைப்பது, தொப்புள்கொடியை எங்கே கட்டுவது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தந்திருப்பார்கள். அதை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. இந்த ஜன்னலைப் பற்றி மட்டும் எழுதி வைக்கிறேன். உங்களுக்கு அது தேவைப்படும். ஏன் என்று கடைசியில் தெரியும்.

அப்போது என் மூத்தவள் கைக்குழந்தை. விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய புதிது. குழந்தையைக் குப்பம்மாவிடம் விட்டுவிட்டு வீடு வீடாகப் போவேன். போகிற வழியெல்லாம் யோசனைதான். பால் கொதிக்க வைத்த அடுப்பை அணைத்தேனா, தொட்டிலின் முடிச்சு இறுகியிருந்ததா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போன நாட்கள் உண்டு. பிரசவப் பையையும் அப்படித்தான். பூட்டிய பையைத் திறந்து பார்ப்பேன், மறுபடி பூட்டுவேன். குப்பம்மா கேலி செய்வாள். "பைக்குள்ள இருக்கறது ஓடியா பூடும்?"

அன்று காலையிலிருந்தே மழை. கடைத்தெருவில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தவரின் மகன் ஏகாம்பரம் குடை இல்லாமல் நனைந்துகொண்டு வந்து நின்றான். நிலக்கடலையை இங்கே மல்லாட்டை என்பார்கள் என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவன் மனைவி பச்சையம்மாளுக்கு அது முதல் பிரசவம். நாள் நெருங்கியிருந்தது எனக்குத் தெரியும்.

"நர்சம்மா, வலி எடுத்துட்டுது" என்றான். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "எங்க நைனா விடியக்காலம் செத்துட்டாரு" என்றான்.

பையைத் தூக்கிக்கொண்டு அவனோடு நடந்தேன்.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் அது ஒரே பெரிய வீடு. அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டபோது குறுக்கே சுவர் எழுப்பிவிட்டார்கள். தெருப்பக்கம் அண்ணனுக்கு. பின்பக்கமும் முற்றமும் தம்பிக்கு. அதற்கு வாசல் பின்சந்தில். அதனால் அண்ணன் வீட்டிலிருந்து வெளியே போக வழி ஒன்றுதான். உள்ளறை, கூடம், பிறகு சுவர்களுக்கு நடுவே ஒடுங்கிய நடை, தெருவாசல்.

அந்த நடையில்தான் இறந்தவரைப் படுக்க வைத்திருந்தார்கள். வெளியே பந்தல் போட மழை விடவில்லை. தெருவைப் பார்த்துக் கால் நீட்டிக் கிடந்தார். தலைமாட்டில் விளக்கு. இரண்டு பக்கமும் பெண்கள் நெருக்கி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். நான் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு, புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். அப்போதே என் மனத்தில் ஏதோ இடறியது. ஆனால் அது என்ன என்று நின்று யோசிக்கவில்லை.

பச்சையம்மாள் உள்ளறையில் பாயில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் "வந்துட்டியா நர்சம்மா, மாமா பூட்டாரு" என்றாள். வலி வந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டாள். சாவு வீட்டில் தன் சத்தம் கேட்கக் கூடாது என்று அடக்கிக்கொள்கிறாள் என்பது புரிந்தது.

வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். தலை கீழே இல்லை. மேலேயும் இல்லை. விலாப்பக்கம் இருந்தது. பிள்ளை குறுக்கே கிடந்தது. குழலை வைத்துக் கேட்டேன். துடிப்பு நன்றாக இருந்தது. பனிக்குடம் உடையவில்லை. மூன்றாம் முறையும் கை வைத்துப் பார்த்தேன். நான் எதையும் திரும்பத் திரும்ப யோசிக்கிற ஆள் என்று சொன்னேன் அல்லவா? அன்று எத்தனை முறை எண்ணிப் பார்த்தும் விடை மாறவில்லை. குறுக்கே கிடக்கிற பிள்ளை இந்த அறையில் பிறக்காது. விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் அறுவை செய்து எடுப்பார்கள். போகாவிட்டால் இரண்டு உயிரும் போகும்.

ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு, கார் வேண்டும் என்றேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. அரிசி மில்காரரின் பிளஷர் காரைக் கேட்க ஓடினான். நல்ல பையன். அவன் போன பிறகுதான் நடையில் மனத்தில் இடறியது என்ன என்று எனக்கு விளங்கியது. காரைக் கொண்டுவந்து தெருவில் நிறுத்தலாம். இவளை எப்படித் தெருவுக்குக் கொண்டுபோவது?

பச்சையம்மாளின் மாமியாரை எல்லோரும் பெரியம்மா என்பார்கள்; கூடத்துத் தூணில் சாய்ந்திருந்தார். பூவும் மஞ்சளும் இன்னும் எடுக்கவில்லை. நான் அவர் பக்கத்தில் குந்தி, விஷயத்தைச் சொன்னேன். ஒளிக்காமல் சொன்னேன்.

"கொஞ்ச நேரம் அவரை நகர்த்தி வைக்க முடியுமா?"

"கெடத்தினது கெடத்தினதுதான்மா. எடுக்கும்போதுதான் எடுப்பாங்க."

"எப்போ எடுப்பீங்க?"

"பெரியவன் பட்டணத்துல இருந்து வரணும். டிரங்க் கால் போட்டிருக்குது. பொழுது சாயும்."

பொழுது சாயும்வரை காத்திருக்க முடியாது. "இவ கண்ணைக் கட்டி, மேலே போர்வை போட்டுத் தூக்கிக்கிட்டுப் போயிடறோம்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பொணத்தைத் தாண்டி ஒரு சூலியைத் தூக்கிகினு போறதா? நல்லா இருக்குதும்மா நீ படிச்ச படிப்பு."

உள்ளறையிலிருந்து பச்சையம்மாளும் கேட்டிருக்க வேண்டும். "நர்சம்மா, அந்தப் பக்கமா வேணாம். நான் செத்தாலும் மாமாவைத் தாண்ட மாட்டேன்" என்றாள்.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். நான் சட்டம் பேசியிருக்கலாம். போலீஸை, டாக்டரைச் சொல்லி மிரட்டியிருக்கலாம். அப்படிச் செய்து ஜெயித்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண் அந்த நடையைத் தாண்டும்போது பயத்தில் உடம்பை முறுக்கினால் என்ன ஆகும்? தாண்டிய பிறகு, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் வாழ்நாள் முழுக்க அவள்தானே அதைச் சுமக்க வேண்டும்? வாதாடுவதற்கு எனக்கு நேரம் கொஞ்சம்தான் இருந்தது. அதை நடையில் செலவழிப்பதில்லை என்று தீர்மானித்தேன். வேறு வழி பார்ப்பது என்று அறைக்குத் திரும்பினேன்.

அறையில் ஒரு ஜன்னல் இருந்தது. தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் தொடங்குகிற பழைய காலத்து ஜன்னல், தடித்த மரச்சட்டம், விரல் பருமனுக்குக் கம்பிகள். ஆனால் வெளிச்சம் வரவில்லை. வெளியிலிருந்து தகரம் அடித்து மூடியிருந்தது.

"இதுக்கு அந்தப் பக்கம் யாரு?" என்று கேட்டேன்.

பச்சையம்மாள் வலிக்கு நடுவே சிரித்தாள். "சின்ன மாமனாரு. இந்த ஜன்னலாலதான் பேச்சுவார்த்தையே கெடையாது."

ஊருக்கே தெரிந்த சண்டை அது. பாகம் பிரித்த பிறகும் அந்த ஜன்னல் தம்பியின் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. முற்றத்தில் தம்பி மல்லாட்டை காயப்போடுவார். அண்ணன் ஜன்னலில் உட்கார்ந்து, "அள்ளிப் போடத் தெரியல, மழை வருது பாரு" என்று குரல் கொடுப்பார். ஜன்னலைப் பெயர்த்துவிட்டுச் சுவர் வையுங்கள் என்று தம்பி கேட்டார். பஞ்சாயத்து வைத்தும் கேட்டார். "நான் இந்த வூட்டை விட்டுப் போற வரைக்கும் இந்த ஜன்னலு இருக்கும்" என்று அண்ணன் சொல்லிவிட்டார். தம்பி தகரம் அடித்து, இனி அண்ணன் வாசலை மிதிப்பதில்லை என்றும் சொல்லிவிட்டார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. அண்ணன் செத்துக் கிடக்கிற அன்றைக்கும் தம்பி வரவில்லை.

நான் மறுபடி சுவரோரமாகத் தெருவுக்கு வந்து, மழையில் சுற்றிக்கொண்டு பின்சந்துக்குப் போனேன். போகும்போதே யோசனை. அவளைத் தனியாக விட்டது சரியா? அதற்குள் பனிக்குடம் உடைந்தால்? திரும்பிப் பார்த்தேன். ஆனால் திரும்பிப் போகவில்லை.

சின்னவர் முற்றத்துத் தாழ்வாரத்தில் தகரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சட்டை போடவில்லை. என்னைப் பார்த்ததும், "எப்ப எடுக்குறாங்களாம்?" என்று கேட்டார்.

"சாயங்காலம்."

"மூஞ்சி எப்பிடி இருக்குது?"

"தூங்கற மாதிரி இருக்காரு" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். ஜன்னலைப் பெயர்த்தால் அந்தப் பெண்ணை முற்றம் வழியாகச் சந்துக்குக் கொண்டுவந்து காரில் ஏற்றிவிடலாம். கம்பியை அறுக்க நேரம் இல்லை; சட்டத்தோடு எடுத்துவிட வேண்டும்.

சின்னவர் எழுந்து நின்றார். நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் அவர் கையை விரித்தார். "ஏம்மா, எத்தினி வருசமா நான் பேக்கச் சொல்லிக் கத்தினேன் தெரியுமா? அவரு உசுரோட இருக்கறப்ப ஒரு கம்பியத் தொட வுட்டாரா? இன்னைக்கி அவரு அங்க பொணமா கெடக்கறாரு. நான் கடப்பாறையத் தூக்குனா ஊரு இன்னா பேசும்? அண்ணன் எப்ப சாவான்னு காத்திருந்து பேத்தான்னு காறித் துப்ப மாட்டாங்களா?"

"உள்ளே ஒரு உசுரு இருக்குதுங்க. ரெண்டு உசுரு."

"தெரியுது. எனக்கு மட்டும் அது பேரப்புள்ள இல்லியா?" தகரத்தைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணி ஒரு வார்த்த சொல்லட்டும். அந்த வூட்டுல இருந்து ஒரு வார்த்த வரட்டும். நான் கையாலயே பேக்கறேன்."

அவர் நிலையை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். மறுபடி சந்து, தெரு, நடை, கூடம். கால் முழுக்கச் சேறு. பெரியம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தேன். விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன். ஜன்னல் என்ற சொல் வாயில் வந்ததுமே பக்கத்தில் இருந்த உறவுக்காரி ஒருத்தி பாய்ந்தாள்.

"ஜன்னலைப் பேத்தா? அடைப்புல செத்த பொணத்தைத்தாம்மா அப்பிடி எடுப்பாங்க! புள்ளத்தாச்சியவா எடுப்பாங்க?"

உங்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். சில நட்சத்திரங்களில் ஒருவர் இறந்தால் அதை அடைப்பு என்பார்கள். அப்படிப்பட்ட உடலை வாசல் வழியாக எடுக்க மாட்டார்கள். சுவரையோ ஜன்னலையோ பெயர்த்து அந்த வழியாக எடுத்துவிட்டு, அறையை மாதக்கணக்கில் பூட்டி வைப்பார்கள். இந்தப் பெரியவர் இறந்தது அப்படிப்பட்ட நட்சத்திரத்தில் இல்லை. ஆனால் உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணைப் பிணம் போகிற வழியில் அனுப்புவது என்றால் எந்த மாமியாருக்கு மனம் வரும்?

வாசலில் பிணத்தைத் தாண்டக் கூடாது. ஜன்னலில் பிணமாகப் போகக் கூடாது. இரண்டு பக்கமும் அடைத்துவிட்டது. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அழுதுவிட்டால் வேலை கெட்டுவிடும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

பெரியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் மார்பைப் பார்த்தார். ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. மழையில் நனைந்த ஈரம் இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. என் குழந்தைக்குப் பால் கொடுக்கிற நேரம் தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது.

"ஒனக்குக் கைப்புள்ள இருக்குதா?"

"இருக்குதும்மா."

"யாரு பாக்கறாங்க?"

"குப்பம்மா."

"பாலு வீணாப் போவுதே. அது அழுவாதா?"

"அழும்" என்றேன்.

அவர் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். உறவுக்காரிகள் தடுத்தார்கள். "வுடுங்கடீ" என்று கையை உதறிவிட்டு உள்ளறைக்குப் போனார். நான் பின்னால் போனேன். தகரம் அடித்த ஜன்னலுக்கு முன்னால் நின்றார். பிறகு உள்ளங்கையால் தகரத்தைத் தட்டினார்.

"தம்பி. இருக்கிறியா?"

அந்தப் பக்கம் மிக அருகில், தகரத்துக்கு ஒட்டினாற்போல் குரல் கேட்டது. "இருக்கறேன் அண்ணி."

"ஜன்னலை எடுத்துடு."

"அவரு போற வரைக்கும் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. இன்னும் எடுக்கலியே அண்ணி."

"அவரு விடியக்காலமே பூட்டாருப்பா. நடையில கெடக்கறது ஒடம்பு. நீ எடு."

அந்தப் பக்கம் ஒரு பெரிய மூச்சு. பிறகு ஆணி பிடுங்குகிற சத்தம்.

தகரம் போனதும் அறைக்குள் வெளிச்சம் வந்தது. மழைக் காற்றும் வந்தது. சின்னவர் கடப்பாறையோடு நின்றார். அண்ணியும் கொழுந்தனும் கம்பிக்கு இரண்டு பக்கமும் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எளைச்சிட்டியே" என்றார் பெரியம்மா. அதற்கு மேல் அவர்களுக்கும் நேரம் இல்லை, எனக்கும் இல்லை.

பச்சையம்மாளை எதிர் மூலைக்கு நகர்த்தி, மேலே ஜமக்காளத்தை விரித்து நான் அவளுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன். சட்டத்தின் மேலும் கீழும் நீண்ட கட்டைகள் சுவருக்குள் புதைந்திருந்தன. அவற்றைச் சுற்றியிருந்த சுண்ணாம்பைக் கடப்பாறையால் குத்திக் கிளப்பினார். ஒவ்வொரு குத்துக்கும் சுவர் அதிர்ந்தது. ஜன்னலை எடுக்கப் போய்ச் சுவரே இவள்மேல் விழுந்தால்? யார் சொல்லி இதைச் செய்தாய் என்று கேட்டால் நான் யாரைச் சொல்வேன்?

"மேல இடிஞ்சி விழாதா?" என்று கத்தினேன்.

"விழாது. மேல பாரு, கல்லு. ஒத்தக் கருங்கல்லா போட்டிருக்குது" என்றார் சின்னவர், குத்துவதை நிறுத்தாமல். "செஞ்சியில வேற எதுக்கு வேணா பஞ்சம் வரும். கல்லுக்கு வருமா?"

ஜமக்காளத்துக்கு அடியிலிருந்து பச்சையம்மாள், "மாமா, கொஞ்சம் சீக்கிரம். ஒங்க பேரன் உள்ள கபடி ஆடறான்" என்றாள். சின்னவர் ஒரு கணம் திகைத்து நின்றுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். நடையில் அழுகிற சத்தம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தது.

ஏகாம்பரம் காரோடு திரும்பி வந்து, அதைச் சந்துக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, சித்தப்பாவோடு கை கொடுத்தான். இருவரும் சட்டத்தை ஆட்டினார்கள். பல் பிடுங்குவதுபோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்து, ஒரு பக்கம் கழன்று, புழுதியோடு முற்றத்துப் பக்கம் சாய்ந்தது. அவர்கள் அதைத் தாங்கிப் பிடித்துத் தாழ்வாரத்தில் சாத்தினார்கள். சுவரில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை.

கூடத்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த உறவுக்காரி மறுபடி ஆரம்பித்தாள். "கதவுப் பலகையில போட்டுத் தூக்கப் போறாங்களா? நான் சொல்லிட்டேன், அது பாடைதான். பாடையேதான்."

எல்லோரும் நின்றுவிட்டார்கள். பெரியம்மாவின் முகம் மாறியது. என் திட்டம் உண்மையில் அதுதான். பலகையில் படுக்க வைத்து, ஓட்டை வழியாக வெளியே எடுப்பது. பிள்ளை குறுக்கே இருந்து, பனிக்குடம் உடையாதபோது தாயைப் படுக்க வைத்தே கொண்டுபோக வேண்டும், நடக்க விடக் கூடாது என்பது நமக்குச் சொல்லித்தரும் பாடம். உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். நடந்து குடம் உடைந்தால் கொடியோ பிள்ளையின் கையோ முன்னால் வந்துவிடும்.

பச்சையம்மாள் ஜமக்காளத்தை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏன்க்கா, பொணம் ஏறி எறங்குமா?" என்று உறவுக்காரியைக் கேட்டாள். "நான் என் காலால நடந்து போறேன். நடந்து போனா அது வாசலுதானே?"

பெரியம்மா என்னைப் பார்த்தார். சின்னவர் என்னைப் பார்த்தார். ஏகாம்பரமும் பார்த்தான். அந்த அறையில் அதைத் தீர்மானிக்க வேண்டியவள் நான் ஒருத்திதான்.

எப்படித் தீர்மானித்தேன் என்று மட்டும் சொல்கிறேன். பலகையில்தான் என்று பிடிவாதம் பிடித்தால் மறுபடி பேச்சு ஆரம்பிக்கும். வலி நெருங்கி வந்துகொண்டிருந்தது. பேச்சு முடிவதற்குள் இந்த அறையிலேயே குடம் உடையலாம். நடந்தால் வழியில் உடையலாம். இரண்டும் அபாயம். ஆனால் நடப்பது பாயிலிருந்து கார்வரை. காத்திருப்பது எதுவரை என்று தெரியாது. அளவு தெரிந்த அபாயத்தை எடுத்துக்கொண்டேன்.

"நட" என்றேன். "நான் சொல்லும்போது மட்டும். நான் நில்லுன்னா நிக்கணும்."

ஒரு வலி வந்து முழுவதும் அடங்கும்வரை காத்திருந்தோம். அடங்கியதும் எழுப்பினேன். சின்னவர் வெளியே நெல் குத்துகிற உரலைக் கவிழ்த்துப் படிபோல் போட்டார். நான் முதலில் இறங்கி வெளியே நின்று அவள் முழங்கைகளைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் மாமியார். அவள் ஒரு காலைத் தூக்கிச் சுவர்மேல் வைத்தாள். அவள் உரலில் கால் வைத்து, முற்றத்தில் கால் வைத்து, நிமிர்ந்து நின்றாள். மழை அவள் தலையில் விழுந்தது. திரும்பிப் பார்த்து, "அத்தை, வரேன்" என்றாள்.

"போயிட்டு வா" என்றார் பெரியம்மா. தாலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அந்த ஓட்டைக்குள் நின்று.

காரில் பின்சீட்டில் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தேன். வழியில் நம் விடுதி வாசலில் நிறுத்தச் சொன்னேன். குப்பம்மா குழந்தையைக் கார் ஜன்னல் வழியாகவே நீட்டினாள். அழுது அழுது அதன் முகம் சிவந்திருந்தது. மடியில் பச்சையம்மாளின் தலை, மார்பில் என் பிள்ளை, மறு கை அவள் வயிற்றின் மேல். மேடு பள்ளம் வரும்போதெல்லாம் ஓட்டுகிறவரை நான் திட்டினேன். விழுப்புரம் போய்ச் சேரும்வரை குடம் உடையவில்லை. மேசையில் ஏற்றிய பிறகு உடைந்தது. கத்தி வைத்து எடுத்தார்கள். பையன். உடனே அழுதான்.

சுவர்மேல் அவள் கால் வைத்திருந்தபோது உடைந்திருந்தால்? இன்றும் சில நாள் கேட்டுக்கொள்கிறேன். அப்படி ஆகியிருந்தால் இதை வேறு மாதிரி எழுதியிருப்பேன், அல்லது எழுதியே இருக்க மாட்டேன். அவளை நடக்கவிட்டது சரி என்று உங்களுக்கு நான் பாடம் சொல்லவில்லை. அந்த இடத்தில் யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும், அது நீங்களாக இருப்பீர்கள் என்பதைத்தான் சொல்கிறேன். பயம் போன பிறகு சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு அது போனதே இல்லை.

நான் திரும்பி வந்தபோது பெரியவரை எடுத்துவிட்டிருந்தார்கள். குப்பம்மாதான் மிச்சத்தைச் சொன்னாள். கார் போன பிறகு சின்னவர் வெகுநேரம் அந்த ஓட்டைக்கு வெளியே நின்றாராம். அண்ணன் வாசலை மிதிப்பதில்லை என்று தான் சொன்ன சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை போலும். பெரியம்மா உள்ளிருந்து, "வாசல்ல வர வேணாம். அப்பிடியே வா" என்றாராம். அவர் உரல்மேல் ஏறி ஓட்டை வழியாக உள்ளே போய் அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாராம்.

பச்சையம்மாள் பிள்ளையோடு வந்தபோது தெருவாசலில் ஆரத்தி எடுத்தார்கள். பின்சந்து வழியே போனால் பக்கம் என்று கார்காரர் சொன்னதற்கு, "போனதுதான் ஜன்னலு. வர்றது வாசலு" என்றாளாம்.

ஜன்னலை யாரும் வைத்துக்கொள்ளவில்லை. சாவு அன்று பெயர்த்தது என்று அண்ணன் வீட்டில் வேண்டாம் என்றார்கள். சின்னவருக்கு அதைப் பார்த்தால் துக்கம். விறகுக்குப் பிளக்கவும் மனம் வரவில்லை. ஒருநாள் வண்டியில் ஏற்றிக்கொண்டு இங்கே வந்து, "நீதானேம்மா எடுக்கச் சொன்ன. நீயே வெச்சிக்க" என்று பின்பக்கம் நட்டுவிட்டுப் போனார். குப்பம்மா அதன் கம்பிகளில் குழந்தைத் துணி காயப்போட ஆரம்பித்தாள். அதுதான் நீங்கள் பார்க்கிற ஜன்னல். சுவர் ஓட்டையில் இப்போது கதவு இருக்கிறது. அந்தப் பையன் நாள் முழுக்க இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பான்.

அன்றிலிருந்து, வயிறு பார்க்க ஒரு வீட்டுக்குப் போனால் நான் முதலில் வீட்டைப் பார்ப்பேன். இவளை எந்த வழியாக வெளியே கொண்டுவருவேன், வழியில் யார் குறுக்கே நிற்பார்கள், யாருடைய ஒரு வார்த்தை வேண்டியிருக்கும். நீங்களும் பாருங்கள்.

இதை எழுதி வைத்ததற்குக் காரணம் உண்டு என்றேன். பச்சையம்மாள் மறுபடி உண்டாகியிருக்கிறாள். மாசி பிறந்தால் நாள் நெருங்கிவிடும். அப்போது நான் இருக்க மாட்டேன். ஒருமுறை கத்தி வைத்த வயிறு. வலி எடுக்கும்வரை விடக் கூடாது, முன்னதாகவே விழுப்புரம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். அவள் சிரித்துக்கொண்டே, "போன தடவ நடந்தே போனேன், இப்ப இன்னா அவசரம்?" என்பாள். உங்களுக்கு மோர் கொடுத்து உட்கார வைத்துப் பேசிப் பேசியே நாளைக் கடத்துவாள். மோரைக் குடியுங்கள். அவள் காரில் ஏறுகிற வரையில் அந்த வீட்டை விட்டு நகராதீர்கள்.